எரிந்துகொண்டே இருந்த புதர்: வில்லியம் கூப்பரின் 27 வருஷம்

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இந்த எபிசோட்ல டிப்ரஷன், தற்கொலை எண்ணம் இதெல்லாம் பேச்சுல வரும். விவரமாப் போக மாட்டேன். இருந்தாலும் இன்னைக்கு அதைக் கேட்கிற மனநிலை இல்லைன்னா தள்ளி வெச்சுட்டு அப்புறமா வாங்க. உங்களுக்கே பேச ஆள் வேணும்னா டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழ்லயே பேசலாம்.

சரி. 1773, ஜனவரி 1. இங்கிலாந்துல பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டம், ஊஸ் ஆத்தங்கரையில ஓல்னின்னு ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் போதகர் ஜான் நியூட்டன் புத்தாண்டுப் பிரசங்கம் பண்றார். எடுத்துக்கிட்ட பகுதி 1 நாளாகமம் 17, தாவீது ராஜா ஆண்டவர் முன்னாடி உட்கார்ந்து, "நான் எம்மாத்திரம்"னு கேட்கிற இடம். அந்தப் பிரசங்கத்துக்காக அவர் எழுதின பாட்டைத்தான் இன்னைக்கு உலகமே "அமேசிங் கிரேஸ்"னு பாடுது. சர்ச் பக்கமே போகாதவங்களுக்கும் அந்த ட்யூன் தெரியும்.

அதே ஊர்ல, நியூட்டன் வீட்டுத் தோட்டத்துக்குப் பின்னாடி ஒரு பழத்தோப்பு, அதைத் தாண்டினா அவரோட நெருங்கின நண்பர் வீடு. அந்த நண்பரும் பாட்டு எழுதுறவர்தான், நியூட்டனைவிடப் பெரிய கவிஞர். அமேசிங் கிரேஸ் முதல் முறையா ஒலிச்ச அதே நாட்கள்ல அவர் நொறுங்க ஆரம்பிச்சார். அதுக்கப்புறம் 27 வருஷம் உயிரோட இருந்தார். அந்த 27 வருஷமும், கடவுள் தன்னை நிரந்தரமாக் கைவிட்டுட்டார்னு உறுதியா நம்பினார்.

பேர் வில்லியம் கூப்பர். ஆங்கில எழுத்தைப் பார்த்தா கௌப்பர்னு படிக்கத் தோணும். கூப்பர்னு சொல்றதுதான் சரி.

நான் ஏன் இவரைத் தேர்ந்தெடுத்தேன்னு சொல்றேன். "கஷ்டத்துல கடவுளை நம்பு"ங்கிறதுக்கு நாம வழக்கமாக் கேட்கிற கதைகளுக்கு ஒரு அமைப்பு உண்டு. துன்பம் வரும், அவர் ஜெபிப்பார், சமாதானம் கிடைக்கும், சாட்சி சொல்வார். கூப்பர் கதையில இந்த நாலும் நடந்தது. ஆனா அது பாதிக் கதைதான். சாட்சிக்கு அப்புறம் என்ன ஆச்சுங்கிறதுதான் எனக்கு முக்கியமாப் படுது.

பிறந்தது 1731, பெர்க்கம்ஸ்டெட்ல. அப்பா அங்கே திருச்சபைக் குரு. ஆறு வயசு முடியறதுக்குள்ள அம்மா போயிட்டாங்க, தம்பியைப் பெத்த கொஞ்ச நாள்ல. பையனை போர்டிங் ஸ்கூல்ல சேர்த்தாங்க. அங்கே ஒரு பெரிய பையன் இவனைப் போட்டு வாட்டி எடுத்திருக்கான். அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே பயந்து, அவனோட ஷூ பக்கிளை வெச்சுத்தான் அவனை அடையாளம் தெரியும்னு கூப்பர் பின்னாடி எழுதி வெச்சிருக்கார். அப்புறம் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளி. அங்கே கூடப் படிச்சவங்கள்ல ஒருத்தர் வாரன் ஹேஸ்டிங்ஸ். ஆமா, நம்ம பாடப்புத்தகத்துல வர்ற அதே ஹேஸ்டிங்ஸ். கல்கத்தாவுல கவர்னர் ஆகுமுன்னே சென்னைக் கோட்டையில கவுன்சில் உறுப்பினரா இருந்தவர். ஒரே பள்ளிக்கூடத்துல இருந்து ஒருத்தர் இந்தியாவை ஆளக் கிளம்பினார், இன்னொருத்தருக்கு வீட்டு வாசல் தாண்டறதே பெரிய பாடா இருந்தது.

கூப்பர் சட்டம் படிச்சார், 1754-ல வழக்கறிஞர் ஆனார். பேருக்குத்தான். பெரியப்பா, சித்தப்பா உறவுகளோட செல்வாக்குல வாழ்க்கை ஓடிட்டு இருந்தது. ஒரு கசின், தியடோரான்னு பேர், ரெண்டு பேருக்கும் காதல். பெண்ணோட அப்பா ஒத்துக்கலை. அவங்க கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணிக்கலை.

1763-ல உறவினர் ஒருத்தர் பிரபுக்கள் சபையில ஒரு குமாஸ்தா வேலை வாங்கிக் கொடுத்தார். சபையோட நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்த்துக்கிற வேலை. நல்ல வருமானம், கஷ்டமில்லாத வேலை. ஆனா அந்த நியமனத்துக்கு எதிர்ப்பு கிளம்ப, கூப்பர் சபை முன்னாடி வந்து நின்னு தகுதியை நிரூபிக்கணும்னு ஆயிடுச்சு. ஒரு இன்டர்வியூ, அவ்வளவுதான். ஆனா அந்த மனுஷனால அதைத் தாங்க முடியலை. மாசக்கணக்கா அலுவலகத்துக்குப் போய் பழைய ஏடுகளைப் புரட்டுவார், ஒரு வரி மண்டையில ஏறாது. தேதி நெருங்க நெருங்க உயிரை விட்டுடலாம்னு முடிவு பண்ணி, சில தடவை முயற்சியும் பண்ணினார். பிழைச்சுக்கிட்டார். பிழைச்ச உடனே வேற மாதிரி பயம் பிடிச்சது. இப்படி ஒரு பாவத்தைச் செய்யத் துணிஞ்ச எனக்கு மன்னிப்பே கிடையாதுன்னு.

இந்த வருஷத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, 1763. நியூட்டனை அவர் இன்னும் சந்திக்கவே இல்லை.

குடும்பம் அவரை செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்ல டாக்டர் நதானியேல் காட்டன் நடத்தின மனநல விடுதிக்குக் கூட்டிட்டுப் போச்சு. இது அவருக்குக் கிடைச்ச பெரிய அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும். அந்தக் காலத்துல லண்டன் பெத்லம் மருத்துவமனையில, மனநோயாளிகளைச் சும்மா வேடிக்கை பார்க்கப் பொதுமக்கள் வந்து போவாங்க. 1770 வரைக்கும் அந்த வழக்கம் இருந்தது. காட்டன் அந்த ரகம் இல்லை. மருத்துவர், தானே கவிதை எழுதுறவர், பக்தி உள்ளவர், நோயாளி கூட உட்கார்ந்து பேசுறவர். எட்டு மாசம் போல ஆச்சு. 1764 ஜூலையில ஒரு நாள் கூப்பர் கையில கிடைச்ச வேதாகமத்தைப் பிரிக்கிறார், ரோமர் மூணாம் அதிகாரம் 25-ஆம் வசனம் கண்ணுல படுது. கிறிஸ்துவோட ரத்தத்தால வர்ற மன்னிப்பைப் பத்தின வசனம். படிச்ச நிமிஷமே உள்ளே ஏதோ உடைஞ்சு அழுதார், சந்தோஷத்துல பேச்சே வரலைன்னு சொல்றார்.

சாட்சிக் கூட்டமா இருந்தா கதை இந்த இடத்துல முடிஞ்சிருக்கும். எல்லாரும் அல்லேலூயா சொல்லிட்டுக் கிளம்பியிருப்போம்.

குணமான பிறகு கூப்பர் ஹன்டிங்டன் ஊர்ல அன்வின்னு ஒரு குருவோட குடும்பத்தோட தங்கினார். 1767-ல அந்தக் குரு குதிரையில இருந்து விழுந்து செத்துப்போனார். துக்கம் விசாரிக்க வந்தவர்தான் ஜான் நியூட்டன். குருவோட மனைவி மேரி அன்வின், அவங்க மகள், கூப்பர் எல்லாரையும், "எங்க ஊருக்கு வந்துடுங்க"ன்னு கூப்பிட்டார். போனாங்க.

நியூட்டன் யாருன்னு ரெண்டு வார்த்தை. அடிமை வியாபாரக் கப்பல்ல கேப்டனா இருந்தவர். நடுக்கடல் புயல்ல மாட்டி மனசு திரும்பினவர். திரும்பின பிறகும் சில வருஷம் அடிமைக் கப்பல் ஓட்டினார்ங்கிறதை நாம மறைக்க வேண்டியதில்லை, அவரே பின்னாடி அதை ஒத்துக்கிட்டு எழுதியிருக்கார். குரல் பெருசு, உடம்பு வலுவானது, எதுக்கும் பயப்பட மாட்டார். கூப்பருக்கு நேர் எதிர். ஆனா ரெண்டு பேருக்கும் அப்படி ஒட்டிக்கிச்சு. ஒருத்தர் வீட்டுக்கு இன்னொருத்தர் போக நடுவுல இருந்த பழத்தோப்பு வேற ஒருத்தருக்குச் சொந்தம். அதுல நடந்து போற உரிமைக்காக வருஷத்துக்கு ஒரு கினி வாடகை கட்டினாங்க. நண்பன் வீட்டுக்குக் குறுக்கு வழியில போறதுக்கு வாடகை! அந்தத் தோப்புக்கே கினித் தோப்புன்னு பேர் வந்துடுச்சு. கூப்பர் வீடு இப்போ அவங்க ரெண்டு பேர் பேர்லயும் மியூசியமா இருக்கு.

ஓல்னி ஏழைங்க ஊர். பெண்கள், குழந்தைங்கன்னு வீட்டுக்கு வீடு லேஸ் பின்னுவாங்க. தலையணை மேல ஊசி குத்தி, சின்னச் சின்ன மரக்கட்டையில நூல் சுத்திப் பின்ற வேலை. நாகர்கோவில் பக்கம் மிஷனரி வீட்டுப் பெண்கள் கொண்டுவந்து கத்துக் கொடுத்தாங்களே, கிட்டத்தட்ட அதே கைவேலை. கண்ணு போயிடும், கூலி கால் வயித்துக் கஞ்சிக்கு வரும். கூப்பர் இந்த வீடுகளுக்கு நியூட்டன் கூடவே போவார், வியாதிக்காரங்க பக்கத்துல உட்காருவார், ஜெபக் கூட்டத்துல வாய்விட்டு ஜெபிப்பார். பிரபுக்கள் சபை முன்னாடி நிக்க முடியாத மனுஷன். அந்தக் கூட்டங்களுக்காக ரெண்டு பேரும் பாட்டு எழுத ஆரம்பிச்சாங்க. நியூட்டன் எழுதினது லேஸ் பின்ற பெண்களுக்குப் புரியற நேரடிப் பாட்டு. கூப்பர் பாட்டுல கலை கொஞ்சம் தூக்கலா இருக்கும், ஒரு தயக்கமும் கூடவே வரும்.

இதுதான் 1773 வரைக்கும்.

ஜனவரியில பழைய இருட்டு திரும்ப வந்தது. பிப்ரவரியில ஒரு கனவு. அதுல அவர் கேட்ட வார்த்தை, உனக்கு எல்லாம் முடிஞ்சுபோச்சுங்கிற பொருள்ல ஒரு தீர்ப்பு. லத்தீன்ல வந்ததாக் குறிப்பிடறார். 12 வருஷம் கழிச்சு நியூட்டனுக்கு எழுதின ஒரு கடிதத்துல அந்தக் கனவைத் தொடறார். அதை நினைச்ச மாத்திரத்துல எந்த ஆறுதலும் நிக்க மாட்டேங்குதுங்கிற மாதிரி. முழுசா விவரிக்கலை. 12 வருஷம் ஆகியும் முடியலை.

அவர் என்ன நம்பினார்னு கவனமாப் பார்க்கணும், ஏன்னா இது நாம நினைக்கிற மாதிரி "நம்பிக்கை இழந்துட்டார்" கதை கிடையாது. கடவுள் இல்லைன்னு அவர் ஒரு நாளும் சொல்லலை. கடவுள் உண்டு, நல்லவர், கிறிஸ்து பாவிகளை மீட்கிறார், எல்லாம் சரி. ஆனா அந்தக் கருணையில எனக்கு மட்டும் பங்கில்லை. அவர் சேர்ந்திருந்த கால்வினியப் போதனைப்படி, கடவுள் ஒருத்தரை உண்மையாவே தெரிந்துகொண்டா அவரைக் கைவிடவே மாட்டார். கூப்பருக்கு இது நல்லாத் தெரியும். அதனால தன் கேஸை விதிவிலக்குன்னு வெச்சுக்கிட்டார். படைப்பு முழுசுக்கும் ஒரே ஒரு விதிவிலக்கு, அது நான்.

டிப்ரஷன்ல இருந்தவங்க யாராவது இதைக் கேட்டா இந்தத் தர்க்கத்தோட வடிவம் உடனே தெரிஞ்சிருக்கும். எல்லாருக்கும் பொருந்தற ஆறுதல் எனக்கு மட்டும் பொருந்தாதுன்னு மனசு எப்படியாவது ஒரு வழக்கு ஜோடிச்சிடும். ஆள் புத்திசாலியா இருந்தா வழக்கு இன்னும் பலமா இருக்கும். கூப்பர் வழக்கறிஞர் வேற.

அந்த அக்டோபர்ல, ஆபிரகாம்கிட்ட ஈசாக்கைக் கேட்ட மாதிரி கடவுள் தன்கிட்ட தன் உயிரையே பலியாக் கேட்கிறார்னு அவருக்குத் தோணிச்சு. முயற்சி பண்ணினார், பிழைச்சார். அதுக்கப்புறம் கீழ்ப்படியத் தவறினவன்ங்கிற குற்றமும் சேர்ந்துக்கிச்சு. கோயிலுக்குப் போறதை நிறுத்தினார். ஜெபிக்கிறதை நிறுத்தினார். தள்ளப்பட்டவன் ஜெபம் பண்ணினா அதுவே கடவுளுக்கு அவமதிப்புன்னு நினைச்சார்.

இப்போ நியூட்டன் என்ன பண்ணினார்னு பாருங்க. என்னைப் பொறுத்தவரை கதையோட இதயம் இங்கேதான்.

அந்த ஏப்ரல்ல, ஊர்ச் சந்தை இரைச்சல் தாங்காம கூப்பரும் மேரியும் ஒரு ராத்திரி தங்கிக்கலாம்னு நியூட்டன் வீட்டுக்கு வந்தாங்க. வந்தவர் திரும்பிப் போகமாட்டேன்னுட்டார். அழுது கெஞ்சி அங்கேயே இருந்தார். ஒரு ராத்திரி 13 மாசம் ஆச்சு. கூப்பரோட சொந்த வீடு தோப்புக்கு அந்தப் பக்கம் சும்மா கிடக்குது. நியூட்டன் வாடகை கேட்கலை, கிளம்புன்னு சொல்லலை. செயின்ட் ஆல்பன்ஸ் போய் டாக்டர் காட்டன்கிட்ட ஆலோசனை கேட்டார், மருந்தும் கொடுக்கப்பட்டது. 18-ஆம் நூற்றாண்டு இவாஞ்சலிக்கல் போதகர், ஒருத்தர் மனசு உடைஞ்சு கிடக்கும்போது டாக்டரையும் தேடிப் போறார். இன்னைக்கும் சில இடங்கள்ல "மாத்திரை எதுக்கு, விசுவாசம் போதும்"னு பேசுறவங்களைக் கேட்கும்போது எனக்கு இந்தப் பயணம் ஞாபகம் வரும்.

நியூட்டன் மகாத்மா மாதிரி சிரிச்சுக்கிட்டே செய்தார்னு நினைக்காதீங்க. நடுநடுவுல தன் மனசு பொறுமை இழந்து முரண்டு பிடிச்சதை அவரே எழுதியிருக்கார். எனக்கு அது பிடிச்சிருக்கு. அலுத்துக்கிட்டார், ஆனா அனுப்பலை.

1774 மே மாசம் நியூட்டன் ஒரு கடிதம் எழுதறார். முந்தின நாள் கூப்பர் கோழிக்குஞ்சுகளுக்குத் தீனி போட்டுட்டு இருந்தப்ப ஏதோ ஒரு சின்ன விஷயத்துக்குச் சிரிச்சாராம். 16 மாசத்துக்கு மேல அந்த முகத்துல பார்த்த முதல் சிரிப்பு இதுன்னு குறிச்சு வைக்கிறார். யோசிச்சுப் பாருங்க. ஒருத்தன் எப்போ கடைசியாச் சிரிச்சான்னு கணக்கு வெச்சிருக்கிற நண்பன்.

அதே மாசம் கூப்பர் தன் வீட்டுக்குத் திரும்பினார். அதுக்கப்புறம் அவரைக் கொஞ்சம் கொஞ்சமா மேலே இழுத்ததுல மூணு முயலுக்குப் பங்கு உண்டு. நிஜமாத்தான். பக்கத்து வீட்டுப் பசங்ககிட்ட ஒரு காட்டு முயல்குட்டி இருந்தது, வளர்க்கத் தெரியாம வாடிட்டு இருந்தது. கூப்பர் வாங்கிக்கிட்டார். விஷயம் ஊருக்குள்ள பரவி, ஆளாளுக்கு முயல்குட்டி கொண்டுவர ஆரம்பிச்சுட்டாங்க. மூணை மட்டும் வெச்சுக்கிட்டார். பஸ், டைனி, பெஸ். பேரெல்லாம் பெண் பேர் மாதிரி இருக்கும், மூணும் ஆண். தச்சு வேலை கத்துக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் தனிப்பெட்டி செஞ்சார். சாயங்காலம் ஆனா கூடத்துல கம்பளத்து மேல விட்டுடுவார், குதிச்சு விளையாடும். பஸ்ஸுக்கு ஒரு தடவை மூணு நாள் உடம்பு சரியில்லாம, கூடவே இருந்து பார்த்துக்கிட்டார். தேறினதும் அது அவர் கையை விரல் விரலா நக்கி நன்றி சொன்னதாம். டைனி கடைசி வரைக்கும் சிடுமூஞ்சி, பழகவே இல்லை. அவனுக்கும் அதே கவனிப்புதான். இதையெல்லாம் 1784-ல ஒரு பத்திரிகைக்கு விரிவா எழுதினார். பஸ் கிட்டத்தட்ட 12 வருஷம் இருந்தான். இப்போ மனநல மருத்துவர்கள் செல்லப்பிராணி, தோட்டவேலை, கைவேலைன்னு சொல்றாங்க இல்லையா, கூப்பர் அதையெல்லாம் தானே தடவித் தடவிக் கண்டுபிடிச்சார். கண்ணாடிக் கூடாரம் கட்டி வெள்ளரிக்காய் வளர்த்ததைப் பத்தி ரொம்பப் பெருமை அவருக்கு.

இந்த இடத்துல ஒரு வாதத்தை எடுத்துக்கணும். பின்னாடி வந்த வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் சிலர் நியூட்டன் மேல பழி போட்டாங்க. நரகம், தெரிந்தெடுப்புன்னு பேசி, மென்மையான ஒரு மனுஷனைப் பைத்தியமாக்கிட்டார்னு. அதனாலதான் 1763-ஐ ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன். முதல் முறிவு வந்தப்ப கூப்பருக்கு நியூட்டனையும் தெரியாது, மனமாற்றமும் நடக்கலை. அப்போ அவர் பயந்தது பிரபுக்கள் சபைக்கு. நோய் முன்னாடியே இருந்தது. ஆனா மதத்துக்குச் சம்பந்தமே இல்லைன்னும் என்னால சொல்ல முடியலை. நோய்க்கு ஒரு மொழி வேணும், அந்த மொழியைக் கொடுத்தது அவர் கேட்ட போதனை. அன்னைக்கு அவர் காதுல விழுந்த தீர்ப்பு ஒரு பிரசங்க மேடையோட சொல்லகராதியில இருந்து வந்தது. அதே மேடையோட சொந்தக்காரர்தான் 13 மாசம் அவரை வீட்டுல வெச்சிருந்தார். ரெண்டும் உண்மை. ஒண்ணு இன்னொண்ணை அழிக்காது.

1779-ல ரெண்டு பேர் பாட்டுகளையும் சேர்த்து ஓல்னி ஞானப்பாட்டுகள்னு நியூட்டன் புத்தகம் போட்டார். மொத்தம் 348. நியூட்டனோடது சுமார் 280, மீதி கூப்பரோடது. முன்னுரையில நண்பனோட நோயைப் பத்திச் சொல்றார். தன் நண்பனால இனி எழுத முடியாதுன்னு தெரிஞ்சதும், பாபிலோன்ல யூதர்கள் கின்னரத்தை அலரிச்செடியில மாட்டி வெச்ச மாதிரி, தானும் வேலையை நிறுத்தி வெச்சிருந்ததாச் சொல்றார். நண்பன் ஜெபிக்கிறதையே விட்டுட்டான். இருந்தாலும் அவன் பாட்டுகளைப் புத்தகத்துல இருந்து எடுக்கலை. கடவுளோட வழிகள் புரியாது, இருண்ட மேகத்துக்குள்ள இருந்தே இரக்கம் மழையா இறங்கும்னு சொல்ற கூப்பரோட பெரிய பாட்டு, முறிவு வர்ற நேரத்துல எழுதினதாச் சொல்லப்படறது, அதுவும் அதுல இருக்கு. ஞாயித்துக்கிழமை ஓல்னி கோயில்ல சனங்க அதைப் பாடுவாங்க. எழுதினவர் ஊர்லயேதான் இருப்பார், கோயிலுக்குள்ள வரமாட்டார்.

மாற்கு ரெண்டாம் அதிகாரத்துல ஒரு காட்சி வரும், தெரியும் இல்லையா? திமிர்வாதக்காரன் ஒருத்தனை நாலு பேர் தூக்கிட்டு வந்து, கூட்டத்துக்குள்ள நுழைய முடியாம, கூரையைப் பிரிச்சு இறக்குவாங்க. சண்டே ஸ்கூல்ல இதைப் படம் வரைஞ்சிருப்போம். அதுல இயேசு "அவர்கள் விசுவாசத்தை" பார்த்தார்னு இருக்கும், பன்மையில. படுத்திருந்தவன் என்ன நம்பினான்னு அந்தக் கதையில ஒரு வார்த்தை இல்லை. கூப்பர் வாழ்க்கையைப் படிச்சதுக்கு அப்புறம்தான் அந்தப் பன்மை எனக்குப் பெருசாத் தெரிஞ்சது. நம்ப முடியாதவனுக்காக மத்தவங்க நம்பறதும் கிறிஸ்தவத்துல இருக்கு. இருட்டுலயே முடியற 88-ஆம் சங்கீதத்தை வேதாகமத்துக்குள்ள வெச்சிருக்கிறதும் கிட்டத்தட்ட அந்த மாதிரிதான்.

நியூட்டன் லண்டனுக்கு மாறிப் போனார். மேரி அன்வின் கூடவே இருந்தாங்க. ஒரு காலத்துல ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிறதா இருந்தது, 1773 அதைக் கலைச்சுடுச்சு. ஊர் வாய் சும்மா இருக்குமா, பேசிச்சு. அவங்க கண்டுக்கலை. குளிர்காலத்துல கவிதை எழுதுங்கன்னு தூண்டிவிட்டதும் மேரிதான். அதுல இருந்து ஐம்பது வயசுல கூப்பர் கவிஞரா வெளியே வந்தார். 1785-ல வந்த "தி டாஸ்க்" அவரை இங்கிலாந்து முழுக்கப் பிரபலமாக்கிச்சு. அது பிறந்த கதை வேடிக்கையானது. லேடி ஆஸ்டின்னு ஒரு தோழி, எதைப் பத்தி எழுதறதுன்னு கேட்டவரை, "இதோ இந்த சோபாவைப் பத்தி எழுதுங்க"ன்னு சொன்னாங்க, அவரும் எழுத ஆரம்பிச்சார். 1788-ல அடிமை வியாபாரத்துக்கு எதிராக் கவிதைகள் எழுதினார், நியூட்டனும் அதே வருஷம் தன் பழைய தொழிலுக்கு எதிரா ஒரு சிறுநூல் போட்டார். அந்தக் கவிதைகள்ல ஒண்ணை மார்ட்டின் லூதர் கிங் தன் பேச்சுகள்ல எடுத்துச் சொல்வார். தனக்கு விடுதலை இல்லைன்னு நம்பின ஒருத்தர் மத்தவங்க விடுதலைக்கு எழுதினது.

நட்புல உரசலும் வந்தது. 1786-ல கூப்பரும் மேரியும் பக்கத்து ஊர் கத்தோலிக்கக் குடும்பத்தோட ரொம்பப் பழகறாங்கன்னு யாரோ சொல்ல, நியூட்டன் கண்டிச்சு ஒரு கடிதம் எழுதினார். கூப்பருக்குக் கோபம், நியாயமான கோபம். இத்தனை வருஷம் தனியாக் கிடந்தவனுக்கு நல்ல அக்கம்பக்கம் அமைஞ்சா அது தப்பா? என் ஓட்டு கூப்பருக்கு. ஆனா கடிதப் போக்குவரத்து நிக்கலை.

1791, 92-ல மேரிக்குப் பக்கவாதம் அடுத்தடுத்து வந்தது. இருபது வருஷம் தன்னைப் பார்த்துக்கிட்டவங்களை இப்போ இவர் பார்த்துக்கிட்டார். அதுவே அவரையும் உடைச்சது. 1795-ல ஜான் ஜான்சன்னு ஒரு இளம் உறவினர் ரெண்டு பேரையும் நார்ஃபக் பக்கம் கூட்டிட்டுப் போனார். 1796 டிசம்பர்ல மேரி இறந்தாங்க.

1799 மார்ச்ல கூப்பர் தன் கடைசிப் பெரிய கவிதையை எழுதினார். ஆன்சன் தளபதியோட கடற்பயணத்துல, கேப் ஹார்ன் பக்கம் புயல்ல ஒரு மாலுமி கடல்ல விழுந்துட்டான். கப்பலைத் திருப்ப முடியலை. கூட இருந்தவங்க கயிறு, பீப்பாய்னு கையில கிடைச்சதை வீசிப் பார்த்தாங்க. அவனால நீந்த முடிஞ்சது, கப்பல்தான் தள்ளித் தள்ளிப் போயிடுச்சு. அந்த மாலுமியில தன்னைப் பார்த்தார் கூப்பர், தான் மூழ்கின கடல் இன்னும் ஆழம்னு நினைச்சார். 1800 ஏப்ரல் 25-ஆம் தேதி ஈஸ்ட் டேரம் ஊர்ல இறந்தார். மனசு மாறி, கடைசி நிமிஷத்துல வெளிச்சம் வந்து, அப்படி எதுவும் பதிவாகலை. செத்த பிறகு முகத்துல ஒரு அமைதியும், புனிதமான ஒரு ஆச்சரியமும் இருந்ததா ஜான்சன் எழுதி வெச்சிருக்கார். நேசிச்சவர் பார்த்த முகம் அது. சரித்திரக்காரனா அதை ஆதாரம்னு என்னால எடுத்துக்க முடியாது. ஜான்சனுக்கு அது தேவைப்பட்டதுங்கிறது மட்டும் புரியுது.

செய்தி லண்டனுக்குப் போனப்ப நியூட்டனுக்கு 74 வயசு, பார்வை மங்கிட்டு இருந்தது. நண்பனுக்காக நினைவுப் பிரசங்கம் பண்ணினார். கூப்பர் கடைசியில சந்தோஷமாப் போனார்னு அவர் சொல்லலை, நோயை மூடி மறைக்கலை, விசுவாசம் குறைஞ்சவர்னும் சொல்லலை. யாத்திராகமம் மூணாம் அதிகாரத்தை எடுத்துக்கிட்டார், மோசே பார்த்த முட்செடி. அத்தனை வருஷமும் நெருப்புக்குள்ளேயே இருந்த புதர், ஆனா வெந்து சாம்பலாகலை, அதுதான் என் நண்பன்னு சொன்னார்.

கூப்பர் கவிதைகள் இன்னைக்கு கொஞ்சம் பழசாத் தெரியலாம். கடிதங்கள்ல இருந்து ஆரம்பிங்க, ஆங்கிலத்துல இணையத்துல இலவசமாக் கிடைக்குது. முயல் மேல அவர் எழுதின கட்டுரையும் கிடைக்கும், ரெண்டு மூணு பக்கம்தான். அதை முதல்ல படிங்க.